மண்டையோடு கூறும் செய்தி

ஆடி பிறந்து புரட்டாதி முடியும்வரை வன்னிப் பெருநிலம் வரண்டு கிடக்கும். குளங்களில் நீர் வற்றி, அலைகரை வெடித்து, புல் கருகி, காட்டின் அடிநிலம் வெளியே தெரியுங் காலம் அது. மாரியிலே செடிகொடிகள் மூடி மறைத்தவற்றையெல்லாம் கோடை திறந்து காட்டிவிடுகின்றது. அவ்வாறு வெளிப்படும் பொருள்களுள் ஒன்று விலங்கின் மண்டையோடு. விறகு வெட்டச் செல்வோரும், மாடு தேடிச் செல்வோரும், விடுமுறையில் உறவினர் ஊருக்குச் சென்று காட்டோரமாய் உலாவும் மாணவரும் அதனை அடிக்கடி காண்கின்றனர். கண்டவர் பெரும்பாலும் இரண்டு விடைகளுள் ஒன்றைக் கூறிவிட்டு அப்பாற் செல்வர். பல் பெரிதாயிருப்பின் அது புலி. சிறிதாயிருப்பின் அது நாய். (வன்னியிலே சிறுத்தையைப் புலியென்றே பலரும் வழங்குவர்.)

இவ்விரு விடைகளும் அனேகமாகப் பிழையாகவே முடிகின்றன. நமது காடுகளிற் சிறுத்தைகள் மிகச் சில. மானும் பன்றியும் குரங்கும் முயலும் பல. ஆதலின் காட்டிற் கிடக்கும் மண்டையோடுகளுள் மிகுதியானவை பின்னவற்றுக்கே உரியன. எது எவ்விலங்கினது என்று துணிவதற்குப் பெரிய ஆய்வுகூடம் வேண்டியதில்லை. கூரிய கண்ணும், ஒரு தடியும், அளவுகோலும், சிறிது பொறுமையும் போதும். முயலுக்குப் பல் 28, நாய்க்கு 42, மனிதனுக்கு 32 என்று மனனஞ் செய்து பரீட்சைத் தாளில் எழுதிவிட்டு மறந்துபோகும் மாணவர், அந்த எண்களின் பொருளைக் காட்டுத் தரையிலே கண்ணாரக் காணலாம். இவ்வாரம் அக்கலையின் அரிச்சுவடியைச் சிறிது விளக்க விரும்புகின்றோம்.

நான்கு கேள்விகள்

மண்டையோடு ஒன்றைக் கண்டவர் ‘இஃது எந்த விலங்கு?’ என்று முதலிற் கேட்டல் ஆகாது. அது கடைசியிற் கேட்க வேண்டிய கேள்வி. அதற்கு முன்னர் நான்கு சிறு கேள்விகளைக் கேட்டு விடை காணுதல் வேண்டும். மேற்றாடையின் முன்புறத்திலே பல் உண்டா, இல்லையா? வேட்டைப்பல் எத்தகையது? கண்குழியின் பின்புறம் எலும்பினாற் சூழப்பட்டுள்ளதா, திறந்துள்ளதா? கொம்பு உண்டா, உண்டாயின் அது எத்தகைய கொம்பு? இந்நான்கிற்கும் விடை கிடைத்துவிட்டால் விலங்கின் குடும்பம் தெரிந்துவிடும்.

பல்லைப்பற்றி ஒரு குறிப்பை முதலிலேயே கூறுதல் நன்று. வெயிலிலும் மழையிலுங் கிடந்த மண்டையோட்டிற் பற்கள் பல விழுந்துபோயிருக்கும். ஆனால் பல் விழுந்தாலும் பல் நின்ற குழி இருக்கும். குழி இருப்பின் அங்கே பல் இருந்தது. குழியின்றி எலும்பு வழுவழுப்பாயிருப்பின் அங்கே பல் முளைத்ததே இல்லை. இந்த வேற்றுமையை அறியாதவர் விழுந்த பல்லையும் இல்லாத பல்லையும் ஒன்றாக எண்ணி மயங்குவர்.

கண்குழியும் பெரிய சாட்சி. மானின் கண்கள் தலையின் இருபுறங்களையும் நோக்கியிருக்கின்றன. மேயும்போதே பின்னால் வரும் பகையையும் அது காணவேண்டும். சிறுத்தையின் கண்கள் முன்னோக்கியவை. பாயும் தூரத்தை அளவிடுவதற்கு இரு கண்களும் ஒரு பொருளை ஒருங்கே நோக்குதல் அவசியம். அன்றியும், மானுக்கும் மாட்டுக்கும் கண்குழியின் பின்புறத்தில் ஓர் எலும்புப் பாலம் முழுமையாக அமைந்திருக்கும். நாய், பூனை, பன்றி ஆகியவற்றில் அப்பாலம் முற்றுப்பெறாது. கண்குழி பின்னாலே திறந்து கிடக்கும். குரங்கிலும் மனிதனிலும் பாலம் மாத்திரமன்றிப் பின்சுவரும் உண்டு. கண்குழி ஒரு கிண்ணம்போல அடைபட்டிருக்கும். இவ்வொரு குறிப்பினாலேயே பாதி ஐயங்கள் தீர்ந்துவிடும்.

மானும் மாடும்

மேற்றாடையின் முன்புறத்தில் வெட்டும்பல்லுக்குரிய குழியே இல்லையாயின், அஃது அசைபோடும் விலங்கு. மான், மரை, மாடு, எருமை, ஆடு யாவும் இவ்வினத்தன. மேலே பல்லுக்குப் பதிலாகத் தடித்த தசையே அவற்றுக்கு உண்டு. கீழ்த்தாடையின் முன்பற்கள் அத்தசையிலே புல்லை அழுத்திப் பறிக்கின்றன. முன்பல்லுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் இடையே நீண்ட வெற்றிடம் இருக்கும். கடைவாய்ப் பற்களின் மேற்பரப்பில் பிறை வடிவான வரம்புகள் காணப்படும். தாடை மூட்டு ஏறக்குறையத் தட்டையானது. திருகைக்கல் சுழல்வதுபோல் தாடை பக்கவாட்டில் அசைந்து அரைப்பதற்கு அதுவே ஏற்றது.

மானா, மாடா என்று பிரித்தறிவதற்குக் கண்ணின் முன்பக்கத்தைப் பார்த்தல் வேண்டும். மானுக்குக் கண்குழியின் முன்னே ஒரு சிறு பள்ளம் உண்டு. உயிரோடிருக்கும்போது மணமுள்ள சுரப்பியொன்று அங்கே அமைந்திருந்தது. மாட்டுக்கும் ஆட்டுக்கும் அப்பள்ளம் இல்லை. கொம்பும் வேறு. மாட்டின் கொம்பு என்றும் விழாதது. உள்ளே எலும்பு நடுவும் அதன்மேல் நகத்தை ஒத்த பொருளாலான உறையும் உடையது. விலங்கு இறந்து சில காலத்தில் உறை கழன்றுவிட, உள்நடு மாத்திரம் எஞ்சும். மானின் கொம்போ முழுவதும் எலும்பு. ஆணுக்கு மாத்திரமே உரியது. ஆண்டுதோறும் விழுந்து மீண்டும் முளைப்பது. புள்ளிமானின் கொம்பும் மரையின் கொம்பும் பக்கத்துக்கு மும்மூன்று கிளைகள் உடையன. புள்ளிமானுடையது மெலிந்து வளைந்திருக்கும். மரையினது தடித்துக் கரடுமுரடாயிருக்கும்.

காட்டிலே தனிக்கொம்பு கிடக்கக் கண்டு ‘இங்கே மானைக் கொன்றுவிட்டார்கள்’ என்று கூறுவோர் உளர். கொம்பின் அடியைப் பார்த்தாற் செய்தி தெரியும். அடிப்பகுதி சற்றுக் குவிந்து, மண்டை எலும்பு ஒட்டாதிருப்பின், அது தானாக விழுந்த கொம்பு. அதனை உதிர்த்த மான் காட்டினுள்ளே நலமாகத் திரிந்துகொண்டிருக்கலாம். மண்டை எலும்பின் துண்டொன்று கொம்போடு சேர்ந்திருப்பினே அம்மான் இறந்துவிட்டது என்று கொள்ளலாம்.

சருகுமான் நம்மை எளிதில் ஏமாற்றிவிடும். அதன் மண்டையோடு ஒரு கைக்குள் அடங்கும், கொம்பு கிடையாது. ஆணுக்கு மேற்றாடையிலிருந்து மெல்லிய நீண்ட வேட்டைப்பல் இரண்டு கீழ்நோக்கி நீண்டிருக்கும். அதைக் கண்டு மரநாய் என்றோ காட்டுப்பூனை என்றோ கூறத் தோன்றும். ஆனால் முதற்கேள்வியைக் கேட்டுப் பார்க்க. மேலே வெட்டும்பல் இல்லை, குழியும் இல்லை. எனவே அது சருகு மேயும் சிற்றுயிரேயன்றி ஊனுண்ணி அன்று.

பன்றியும் சிறுத்தையும்

சில ஆண்டுகளுக்கு முன்னர் மாணவர் குழுவொன்றுடன் வன்னிக் குளமொன்றின் அலைகரையில் நடந்துசென்றபோது, சேற்றிற் பாதி புதைந்த பெரிய மண்டையோடொன்றை நாம் கண்டோம். வளைந்த பற்கள் இரண்டு வெளியே நீண்டிருந்தன. மாணவர் ஒருமுகமாகப் ‘புலி’ என்றனர். எமக்கு வழிகாட்டியாக வந்த பெரியவர் சிரித்தார். “தம்பிமார், பன்றியைப் புலியாக்கிப் போடாதேங்கோ. பின்பல்லைப் பாருங்கோ” என்றார். பள்ளிக்கூடத்தை அதிகங் காணாத அவர் கூறியது விலங்கியலின் முதல் விதி. கண்ணைக் கவரும் பல்லைப் பார்த்து மயங்காது, உணவை அரைக்கும் பல்லைப் பார்த்தல் வேண்டும்.

காட்டுப்பன்றிக்குப் பற்கள் 44. அதன் கடைவாய்ப் பற்கள் மேடுபள்ளமான குமிழ்களை உடையன. கிழங்கு, புழு, தானியம் ஆகிய எதனையும் நசுக்கி உண்ண ஏற்றவை. ஆண்பன்றியின் மேல்வேட்டைப்பல் கீழ்நோக்கி வளராது வெளிப்பக்கமாகத் திரும்பி மேலே வளைகின்றது. கீழ்வேட்டைப்பல் அதனோடு உராய்ந்து உராய்ந்து கத்திபோலக் கூர்மை பெறுகின்றது. முகம் நீண்டது, நெற்றி முதல் மூக்கு வரை ஏறக்குறைய நேர்கோடாய் அமைந்தது. பெரிய பன்றியின் மண்டையோடு ஒன்றரைச் சாண் வரை நீளும்.

சிறுத்தையினது முற்றிலும் வேறு. பெரிய ஆணின் மண்டையோடும் ஏறத்தாழ ஒரு சாண் நீளமே இருக்கும். முகம் குறுகியது. பற்கள் 30 மாத்திரம். வேட்டைப்பற்களுக்குப் பின்னுள்ளவை அரைக்கும் பற்கள் அல்ல. கத்தரிக்கோலின் இரு அலகுகள்போல ஒன்றையொன்று தேய்த்து இறைச்சியை அறுப்பவை. தாடை மூட்டு கதவின் பிணைச்சல்போல அமைந்து, மேலுங் கீழும் அசையவே இடங்கொடுக்கும். தலையுச்சியில் முன்பின்னாக ஓடும் எலும்பு வரம்பு, கடிக்குந் தசைகள் பற்றிநிற்கும் இடம். வீட்டுப் பூனையின் மண்டையோட்டை எடுத்துப் பார்த்தால், அதே 30 பற்களையும் அதே அமைப்பையும் 9 சென்ரிமீற்றர் அளவிற் காணலாம்.

நரிக்கும் நாய்க்கும் பற்கள் 42. முகம் நீண்டிருக்கும். நாய்க்கு மூக்கும் நெற்றியும் கூடும் இடத்தில் ஒரு படிபோன்ற ஏற்றம் பெரும்பாலும் தெளிவாகத் தெரியும். நரிக்கு அது தாழ்ந்து, முகம் ஒடுங்கி, வேட்டைப்பல் மெலிந்திருக்கும். ஆயினும் சிறிய ஊர்நாயின் மண்டையோட்டை நரியினது என்று கொள்ளுதல் எளிது. ஐயமிருக்குமிடத்து ‘நாய் அல்லது நரி’ என்று எழுதிவைப்பதே அறிவுடைமை.

கரடியின் வாயிலே ஒரு வியப்பு உண்டு. மேற்றாடையின் நடுவிலிருக்க வேண்டிய இரண்டு வெட்டும்பற்கள் அதற்கு இல்லை. அண்ணமும் குழிந்தது. கறையான் புற்றை நகத்தாற் பிளந்து, வாயைக் குழல்போலாக்கி, அந்த இடைவெளி வழியாகக் கறையானை உறிஞ்சி உண்பதற்கு அது வாய்ப்பாகின்றது. மற்றைக் கரடிகள் பலவற்றுக்குப் பற்கள் 42 ஆக, நமது கரடிக்கு 40.

சிறியனவும் பெரியனவும்

முன்னே உளிபோன்ற நீண்ட பற்களும், வேட்டைப்பல்லே இல்லாத நீண்ட வெற்றிடமும் காணப்படின், அது கொறித்துண்ணும் விலங்கு அல்லது முயல். முயலுக்கு மேல் முன்பற்களின் பின்னே, மறைந்து நிற்கும் இன்னொரு சிறு சோடிப் பற்கள் உண்டு. முகத்தின் பக்க எலும்பு வலைபோலத் துளைகள் உடையது. முள்ளம்பன்றிக்கு முன்பல் மேலே ஒரு சோடி மாத்திரமே. அதன் முன்முகம் செம்மஞ்சள் நிறமாயிருக்கும். மொத்தப் பற்கள் 20. முள்ளம்பன்றி காட்டிற் கிடக்கும் எலும்பையும் கொம்பையும் கொறிக்கும் வழக்கமுடையது. தாதுப்பொருள்களைப் பெறுவதற்கும் ஓயாது வளரும் பல்லைத் தேய்த்துக்கொள்வதற்கும் அது உதவுகின்றது. ஆதலின் எலும்பிலே அகன்ற இணைகோடுகள் வரிவரியாகக் காணப்படின் அது கத்தியின் வேலை என்று அவசரப்பட்டுக் கூறலாகாது.

யானையின் மண்டையோட்டை வேறெதனோடும் மயங்க இடமில்லை எனலாம். எனினும் முதன்முறை காண்பவர் அதன் நெற்றியின் நடுவே உள்ள பெருந்துளையை நெற்றிக்கண் என்றே எண்ணுவர். அஃது கண்ணன்று, துதிக்கை தொடங்கும் மூக்குத் துளை. உண்மையான கண்குழிகள் இரு பக்கங்களிலும் அடங்கி நிற்கின்றன. கிரேக்கர் கதைகளில் வரும் ஒற்றைக்கண் அரக்கரைப் பற்றிய கற்பனை, மத்தியதரைக் கடற் பகுதியிற் கிடைத்த குள்ள யானைகளின் மண்டையோடுகளைக் கண்டவரிடம் பிறந்திருக்கலாம் என்று ஒஸ்திரிய நாட்டறிஞர் ஒதேனியோ ஏபல் 1914இல் கருதினார். இலங்கையின் ஆண்யானைகளுள் மிகச் சிலவற்றுக்கே தந்தம் உண்டு. ஆதலின் தந்தமில்லாத மண்டையோடு பெண்யானையினது என்று முடிவுசெய்தல் கூடாது. யானைக்கு வாழ்நாளில் ஆறு தொகுதி கடைவாய்ப் பற்கள், ஒன்றன்பின் ஒன்றாகப் பின்னிருந்து முன்னே நகர்ந்து வருகின்றன. ஆறாவது தொகுதியும் தேய்ந்து மட்டமாயிருக்கக் கண்டால், அந்த யானை முதுமையடைந்தே இறந்தது என்று துணியலாம்.

குளக்கரையிலே மேற்பரப்பெல்லாம் குழிகுழியாய், கண்குழிகள் தலையின் உச்சியில் அமைந்து, கூம்பு வடிவான பற்கள் வரிசையாய் நிற்குமாயின் அது முதலை. நீரினுள் உடலை மறைத்துக் கண்ணையும் மூக்கையும் மாத்திரம் வெளியே நீட்டி வாழும் வாழ்வுக்கு அவ்வமைப்புப் பொருந்தும்.

ஒரு பல்லின் மதிப்பு

இத்தகைய ஆராய்ச்சி வெறும் பொழுதுபோக்கு என்று எண்ணுவோர்க்கு இரு பெயர்களை நினைவூட்டுவோம். மலையகத்திலே தேயிலைத் தோட்டத்துரையாயிருந்த பிலிப்ஸ் என்பவர், ஓய்வு நேரங்களில் விலங்குகளைத் தேடி அளந்து குறித்து, இலங்கையின் பாலூட்டிகளைப்பற்றிய பெருநூலொன்றை 1935இல் வெளியிட்டார். கொழும்பு நூதனசாலையின் தலைவராக விளங்கிய கலாநிதி தெரணியகல, இரத்தினபுரிப் பகுதியில் மாணிக்கக்கல் தோண்டும் குழிகளிலிருந்து வெளிவந்த எலும்புகளையும் பற்களையும் ஆராய்ந்தார். நீர்யானையும் காண்டாமிருகமும் ஒரு காலத்தில் இத்தீவில் வாழ்ந்தன என்பது அவ்வாறே தெரியவந்தது. குருவிற்றைக்கு அண்மையிற் கிடைத்த இரண்டு பற்களைக் கொண்டே, சிங்கமும் இங்கு வாழ்ந்தது என்று அவர் 1939இல் எழுதினார். இரண்டு பற்கள்! கல்லோடு கல்லாய் அவற்றை யாரேனும் வீசியெறிந்திருப்பின் அச்செய்தி நமக்குக் கிட்டியிராது.

இடமும் சாட்சியே

மண்டையோடு எவ்விலங்கினது என்று அறிவதோடு வேலை முடிவதில்லை. அது எவ்வாறு இறந்தது என்பதும் கேட்கத்தக்க கேள்வியே. இளம் விலங்கின் மண்டையோட்டில் எலும்புகள் பொருந்தும் கோடுகள் தெளிவாகத் தெரியும், பற்கள் தேயாதிருக்கும். முதிர்ந்ததிற் கோடுகள் மறைந்து, பற்கள் மட்டமாகியிருக்கும். இளமையும் அன்றி முதுமையும் அன்றி, நடுவயதில் மாண்ட விலங்குகள் ஓரிடத்திற் பல கிடக்குமாயின் அங்கே ஏதோ நடந்திருக்கின்றது.

தாடை எலும்பு சிதறிக் கிடப்பின், ‘ஹக்கப்பட்டாசு’ எனப்படும் வாய்வெடியை நினைத்தல் வேண்டும். பன்றிக்கென்று இரையினுள் மறைத்து வைக்கப்படும் அவ்வெடியைக் கடித்து, வாய் சிதைந்து, உண்ணவும் பருகவும் இயலாது பல நாள் வருந்திச் சாகும் யானைக்கன்றுகள் பல. 2023ஆம் ஆண்டில் மாத்திரம் இலங்கையில் 400க்கு மேற்பட்ட யானைகள் இறந்தன. துப்பாக்கிச் சூடும், வாய்வெடியும், மின்சாரமும் அச்சாவுகளுக்குரிய காரணங்களுட் சில. கம்பிச் சுருக்கோ மண்டையோட்டிற் சுவடு எதனையும் விடுவதில்லை. 2020 மே மாதம் மலையகத்தில் நல்லதண்ணிப் பகுதியிற் கம்பிச் சுருக்கில் அகப்பட்டு மீட்கப்பட்ட கருஞ்சிறுத்தையொன்று சில நாள்களில் மாண்டது. அத்தகைய சாவினை அறிய வேண்டுமாயின் எலும்பின் அருகே கம்பி கிடக்கின்றதா, மரத்தின் அடியிலே கம்பி இழுபட்ட தழும்பு உண்டா என்று பார்த்தல் வேண்டும்.

எனவே மண்டையோட்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகின்றவர் அதன் செய்தியிற் பாதியைக் காட்டிலேயே தொலைத்துவிடுகின்றார். எலும்பு தான் கிடக்கும் இடத்தோடு சேர்ந்திருக்கும்போதே முழுமையாகச் சாட்சி சொல்லும். இக்கட்டுரையில் நாம் வற்புறுத்த விரும்புவதும் இதுவேயாம்.

மனிதனுடையதாயின்

இவ்விடத்தில் ஒன்றைக் கூறாது விடுதல் நேர்மையன்று. நமது வடக்கு, கிழக்கு மாகாணங்களிலே தரையில் ஓர் எலும்பைக் காணும் குடும்பத்தினர்க்கு, அது மானா பன்றியா என்ற கேள்விக்கு முன்னரே வேறொரு கேள்வி நெஞ்சில் எழுகின்றது. அக்கேள்வியை மூடிமறைத்துக்கொண்டு மண்டையோட்டைப்பற்றி எழுதுதல் எம்மால் இயலாது.

குரங்கின் மண்டையோட்டைக் கண்டு மனிதக் குழந்தையினது என்று அஞ்சுவோர் உண்டு. இரண்டுக்கும் கண்குழி அடைபட்டிருக்கும். முதிர்ந்தபின் பற்கள் 32 என்பதும் ஒன்றே. ஆயின் குரங்கின் வாய் முன்னே நீண்டிருக்கும். வேட்டைப்பல் ஏனைய பற்களைவிட நீண்டு நிற்கும். மோவாய் பின்னே சரியும். முள்ளந்தண்டு பொருந்தும் பெருந்துளை தலையின் பின்பக்கமாய் அமையும். மனிதனுக்கு முகம் மூளைப்பெட்டியின் கீழே அடங்கியிருக்கும். நெற்றி செங்குத்தாய் எழும். வேட்டைப்பல் மற்றப் பற்களோடு சமமாய் நிற்கும். மோவாய் முன்னே நீண்டிருக்கும். பெருந்துளை அடிப்பாகத்தின் நடுவில் இருக்கும். முழுமையாக அன்றி உடைந்து கிடப்பதே பெரும்பான்மை. சிரட்டை போன்று வளைந்து மெலிந்த எலும்புத் துண்டைக் கண்டாற் புரட்டாது நிற்றல் வேண்டும்.

மனிதனுடையதாயிருக்கலாம் என்ற ஐயம் எழுந்தவுடன் அதனைத் தொடலாகாது, மண்ணைக் கிளறலாகாது, அருகிற் கிடக்கும் துணித்துண்டு, பொத்தான், செருப்பு முதலியவற்றை எடுத்துப் பார்த்தலும் ஆகாது. வந்த அடிச்சுவட்டிலேயே திரும்பி, இடத்தை நினைவிற் குறித்துக்கொண்டு, கிராம சேவையாளருக்கும் பொலிசாருக்கும் அறிவித்தல் வேண்டும். நீதவானும் சட்ட வைத்திய அதிகாரியும் முறைப்படி பார்க்க வேண்டிய பொருள் அது. 2018இல் மன்னார் நகரிலே கட்டட வேலைக்காகவும், 2023இல் கொக்குத்தொடுவாயில் நீர்க்குழாய் பதிப்பதற்காகவும் நிலத்தைத் தோண்டியபோது மனித எச்சங்கள் வெளிப்பட்டன. அவை நீதிமன்றத்தின் மேற்பார்வையில் அகழப்பட்டன. அத்தகைய இடங்களிலே ஓர் எலும்பு எந்த ஆழத்தில், எந்தப் பக்கம் நோக்கி, எதனோடு சேர்ந்து கிடந்தது என்பதே பெரிய சான்று. அறியாமையால் ஒருவர் அதனைக் கையில் எடுத்துவிட்டால் அச்சான்று மீளாது. தன் பிள்ளை என்ன ஆனான் என்று பல ஆண்டுகளாய்க் காத்திருக்கும் தாய் ஒருத்திக்கு அது செய்யும் தீங்கு சிறிதன்று.

சில விதிகள்

காட்டுலா விரும்பும் மாணவரும் அவர்தம் பெற்றோரும் பின்வருவனவற்றை மனத்திற் கொள்வார்களாக. கண்ணிவெடி அகற்றும் பணி முற்றுப்பெறாத இடங்களில் எலும்பைத் தேடி மாத்திரமன்றி வேறெதற்காகவும் வழியை விட்டு இறங்கலாகாது. எச்சரிக்கைப் பலகை காணப்படாமையால் ஆபத்து இல்லை என்று கொள்ளாது, ஊரவரைக் கேட்டே செல்லுதல் வேண்டும். வில்பத்து முதலிய தேசிய வனங்களிலிருந்து எலும்போ கொம்போ எடுத்துச் செல்லுதல் சட்டப்படி குற்றம். அதற்கான கட்டளைச் சட்டம் 1937ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டது. சிறுத்தையின் பல்லையோ நகத்தையோ எங்கே கண்டாலும் எடுத்தல் தகாது. வனசீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவித்தலே முறை.

எலும்பைத் தொட்டால் தீட்டு என்று வீட்டிலே பாட்டிமார் கூறுவர். கையாற் தொட வேண்டா என்றே நாமும் கூறுகின்றோம். இறந்த விலங்கிலே நோய்க்கிருமிகள் நெடுங்காலம் தங்கியிருத்தல் கூடும். மனிதனுடையது அன்று என்று தெளிந்தபின், தடியொன்றினால் மெல்லப் புரட்டிப் பார்த்துவிட்டு, முன்பு கிடந்தவாறே வைத்தல் வேண்டும். வீடு திரும்பியதும் சவர்க்காரமிட்டுக் கைகழுவுதல் வேண்டும்.

காடு தூரத்திலுள்ளவர்கள் மனம் தளர வேண்டியதில்லை. மாடு மேயும் வெளிகளிலும் தரவைகளிலும் மாட்டின் தலையெலும்பு கிடக்கும். பனங்கூடலிலே நாயினதோ பூனையினதோ கிடக்கலாம். இம்மூன்றையும் நன்கு பார்த்து வரைந்து பழகியவனுக்குக் காட்டிலே மரையும் நரியும் சிறுத்தையும் புதியன அல்ல. ஒரு குறிப்பேட்டில் திகதி, இடம், நீளம் ஆகியவற்றை முதலில் எழுதுக. அடுத்து, முன்பற்குழி உண்டா, கண்குழி எவ்வாறு, கொம்பு எவ்வாறு, தேய்வு எவ்வளவு, அருகே கண்டவை யாவை என்று வரிசையாக எழுதுக. மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் இரு படங்கள் வரைக. நிழற்படம் எடுப்பினும் அளவுகோலைப் பக்கத்தில் வைத்தே எடுக்க. இவையெல்லாம் முடிந்த பின்னரே, கடைசி வரியில், விலங்கின் பெயரை எழுதுக. அப்பெயரைத் துணிய இயலாவிடின் அவ்வரியை வெறுமையாக விட்டு, குறிப்பேட்டை விலங்கியல் ஆசிரியரிடங் காட்டுக.